முதலில் சிறுநீர், அப்புறம் மாத்திரை

தென்மாவட்ட நகரம் ஒன்றிலிருந்து வந்திருக்கிறது இந்தக் கடிதம். எழுதியவருக்கு வயது 26. பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் புடவைப் பிரிவில் வேலை. காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பது வரை. கணவர் லாரி ஓட்டுநர். மாதத்துக்கு ஒரு முறை, சில சமயம் ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு வருகிறவர். கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. குழந்தைக்காகக் காத்திருக்கிறார்கள்.

நான்கு மாதத்துக்குள் மூன்று முறை இந்தப் பெண்ணுக்கு நீர்க்கடுப்பு வந்திருக்கிறது. முதல் தடவை மருந்துக்கடையில் சொல்லி மூன்று மாத்திரை வாங்கிப் போட்டார். இரண்டே நாளில் சரியாகிவிட்டது. இரண்டாம் தடவை, மாலைநேர கிளினிக் ஒன்றில் டோக்கன் வாங்கிக் காத்திருந்து பார்த்தார். டாக்டரின் மேசையை ஒட்டியே அடுத்த நோயாளி நின்றதால் கூச்சப்பட்டு, “அடிவயிறு வலிக்குது” என்று மட்டும் சொன்னார். ஓர் ஊசி போட்டு, ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். எரிச்சல் நின்றதும், நெஞ்செரிச்சல் தாங்காமல் மூன்றாம் நாளே நிறுத்திவிட்டார். இப்போது மூன்றாம் தடவை. சொட்டுச் சொட்டாகப் போகிறது, முடிக்கும்போது சுருக்கென்று இழுக்கிறது, நேற்று லேசாக ரத்தமும் கண்டிருக்கிறது. மீதமிருந்த மாத்திரையில் இரண்டைப் போட்டுக்கொண்டு, தானே லேபுக்குப் போய்ச் சிறுநீர் கொடுத்திருக்கிறார். ‘பஸ் செல்ஸ் 15–20, எபிதீலியல் செல்ஸ் நிறைய, கல்ச்சரில் மிக்ஸ்டு குரோத்’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. (பஸ் செல்ஸ் என்றால் சீழ் செல்கள்; கல்ச்சர் என்றால் சிறுநீரில் உள்ள கிருமியை லேபில் வளர்த்து, எது என்று பார்க்கும் பரிசோதனை.) மாமியார் இதைச் சூடு என்கிறார். கால் கட்டைவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவிவிட்டிருக்கிறார்.

கடைசியில் அவர் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: “அவர் வந்துட்டுப் போன மூணாம் நாள் நாலாம் நாள்தான் ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்குது. அவர்கிட்டேர்ந்து ஏதாவது வந்திருக்குமா? கேட்கவும் பயமா இருக்கு. கிட்னி போயிடுச்சோன்னு ராத்திரி தூக்கம் வரலை. எந்த மாத்திரைன்னு பேரை மட்டும் எழுதுங்க டாக்டர், வாங்கிக்கறேன்.”

உங்களுக்கு என் பதில்:

மாத்திரைகளின் பெயரையும் எழுதத்தான் போகிறேன். ஆனால் அதை நீங்களாக வாங்கக் கூடாது என்பதற்குக் காரணம் உங்கள் கடிதத்துக்குள்ளேயே இருக்கிறது. குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண் நீங்கள். இந்த மாதம் தலைக்குக் குளித்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. மருந்துக்கடைக்காரர் கேட்டிருக்கவும் மாட்டார். உங்களுக்கு எந்த ஆன்டிபயாடிக் கொடுப்பது என்பதே அந்தக் கேள்விக்கான பதிலைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

கிட்னி பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். நீங்கள் சொல்லும் எரிச்சல், அடிக்கடி போக வேண்டும் போலத் தோன்றுவது, போனால் சொட்டுவது, அடிவயிற்றில் கனம், கடைசியில் லேசான ரத்தம் எல்லாமே சிறுநீர்ப்பையின் மொழி. பையின் உட்சுவர் புண்பட்டுச் சிவந்திருக்கும்போது கொஞ்சம் ரத்தம் கசிவது சகஜம்தான். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் அதை வைத்துச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று சொல்ல முடியாது. தொற்று மேலே ஏறி சிறுநீரகத்தைத் தொட்டால் அது வேறு விதமாகப் பேசும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

சூடா, தொற்றா?

உங்கள் மாமியாரை நான் கேலி செய்ய மாட்டேன். வெயிலில் அலைந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீர் அடர்ந்து, மஞ்சளாகி, போகும்போது எரியும். அந்த எரிச்சலுக்கு மோரும் இளநீரும் பார்லிக் கஞ்சியும் நிஜமாகவே கேட்கும். சுண்ணாம்பு தடவிய இரண்டு மணி நேரத்தில் சரியானது என்று சொல்கிறவர்கள் அந்த இரண்டு மணி நேரத்தில் இரண்டு சொம்பு தண்ணீரும் குடித்திருப்பார்கள். நாலு டம்ளர் தண்ணீர் குடித்து, சிறுநீர் தெளிந்து போன பிறகும் எரிகிறதென்றால், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஓட வைக்கிறதென்றால், அது சூடு இல்லை.

பெரும்பாலும் இதற்குக் காரணம் ஈ.கோலை என்ற பாக்டீரியா. அது எங்கிருந்தோ வருவதல்ல. நம் எல்லோருடைய குடலிலும் குடியிருப்பது. ஆசனவாயிலிருந்து சிறுநீர்த் துவாரத்துக்குப் பெண் உடலில் கொஞ்ச தூரம்தான். துவாரத்திலிருந்து பைக்குள் போகும் குழாயும் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர்தான். ஆணுக்கு இதே குழாய் அதைப் போல நாலைந்து மடங்கு நீளம். உங்கள் சுத்தத்தில் குறை தேட வேண்டாம். அமைப்பே அப்படி.

எரிச்சலும் அடிக்கடி போவதும் இருந்து, வெள்ளைப்படுதலோ அரிப்போ இல்லாவிட்டால் பத்தில் ஒன்பது பெண்களுக்கு அது சிறுநீர்ப்பைத் தொற்றுதான். நாற்றத்தோடு வெள்ளைப்படுவது, தயிர் போலத் திரிந்து வருவது, உறுப்பில் கொப்புளம் அல்லது புண், சிறுநீர் வெளித்தோலில் படும்போது மட்டும் எரிவது ஆகியவை இருந்தால் கதை வேறு. இதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

கணவரைப் பற்றி

இந்தக் கேள்வியை எழுத நீங்கள் பட்ட பாடு கடிதத்தில் தெரிகிறது. லாரி ஓட்டுநரின் மனைவி என்றால் ஊரே ஒரு மாதிரி பார்க்கும்; அந்தப் பார்வை நம் மனசுக்குள்ளும் புகுந்துவிடும்.

உடலுறவின்போது நடப்பது இதுதான்: துவாரத்தைச் சுற்றி ஏற்கெனவே இருக்கும் கிருமிகள் அந்த உராய்வில் உள்ளே தள்ளப்படுகின்றன. இரண்டு மூன்று நாளில் பைக்குள் பெருகி எரிச்சல் தொடங்குகிறது. நாற்பது நாள் இடைவெளிக்குப் பிறகு கணவர் வந்து நாலைந்து நாள் சேர்ந்திருந்தால் உங்களுக்கு நடந்தது போலவே நடக்கும். புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு இது அடிக்கடி வருவதால் மருத்துவத்தில் ‘ஹனிமூன் சிஸ்டைடிஸ்’ என்று இதற்கு ஒரு செல்லப் பெயரே உண்டு. கிருமி உங்களுடையது. அவர் வெளியிலிருந்து கொண்டுவந்தது அல்ல. உங்களிடமிருந்து அவருக்கும் தொற்றாது. அவர் மாத்திரை சாப்பிட வேண்டியதில்லை.

அதற்காக, பால்வினை நோய் இல்லவே இல்லை என்று ஒரு கடிதத்தைப் படித்து நான் சான்றிதழ் தர முடியாது. மேலே சொன்ன வெள்ளைப்படுதல், புண் இருந்தாலோ, அவருக்குச் சிறுநீர் எரிச்சலோ சீழோ இருந்தாலோ, சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி இல்லாமலே எரிச்சல் தொடர்ந்தாலோ இருவருமே பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் ‘சுக வாழ்வு மையம்’ என்ற பலகையோடு இதற்கென்றே ஓர் அறை இருக்கும், கட்டணம் கிடையாது. இந்த அறிகுறி எதுவும் இல்லாமல், நீர்க்கடுப்பை மட்டும் வைத்துக்கொண்டு அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

உறவுக்குப் பின் சிறுநீர் கழித்துவிட்டு வருவது நல்ல பழக்கம். ஆய்வுகளில் அதற்குப் பெரிய நிரூபணம் இல்லை. ஆனாலும் அதில் இழக்க ஒன்றுமில்லை.

கிளினிக்கில் பத்து நிமிடம்

அந்த மாலைநேர கிளினிக்கை நான் முழுதாகக் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் ‘அடிவயிறு வலி’ என்றீர்கள். அவர் வயிற்று வலியைப் பார்த்தார். ஆனால் 26 வயதுப் பெண் அடிவயிற்று வலி என்று வந்து உட்கார்ந்தால், கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தாய், சிறுநீர் எரிகிறதா என்று இரண்டு கேள்வி கேட்காமல் ஊசி போட்டது தவறுதான். காய்ச்சல் இல்லாத சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு ஊசியே தேவையில்லை. நம் ஊரில் ஊசி போடாத டாக்டரை மக்கள் டாக்டராக மதிப்பதில்லை என்பதும் உண்மை.

சத்தமாகச் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுபோய் நீட்டுங்கள். நானே என் நோயாளிகளுக்குச் சொல்லும் வழி இது. சீட்டில் இருக்க வேண்டியவை: எத்தனை நாளாக எரிச்சல்; காய்ச்சல், விலா வலி, வாந்தி உண்டா; கடைசி மாதவிடாய்த் தேதி, கர்ப்பத்துக்கு வாய்ப்பு உண்டா; இதற்கு முன் சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகள்; எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா; நான்கு மாதத்தில் இது மூன்றாவது தடவை. கடைசி வரியை அடிக்கோடிடுங்கள். ஆறு மாதத்தில் இரண்டு, அல்லது ஒரு வருடத்தில் மூன்று முறை வந்தால் அதைத் ‘திரும்பத் திரும்ப வரும் தொற்று’ என்று வேறு வகையில் வைத்துப் பார்ப்போம். இளம்பெண்ணுக்கு முதல் தடவை வரும் சாதாரணத் தொற்றுக்குக் கல்ச்சர் இல்லாமலே மருந்து எழுதலாம். உங்களுக்கு அப்படி எழுதக் கூடாது.

இனி உங்கள் ரிப்போர்ட். ‘எபிதீலியல் செல்ஸ் நிறைய’ என்றால் வெளித்தோலின் செல்கள் டப்பாவுக்குள் விழுந்திருக்கின்றன என்று அர்த்தம். ‘மிக்ஸ்டு குரோத்’ என்றால் உங்களுக்குள் பல கிருமிகள் படையெடுத்திருக்கின்றன என்று பொருளல்ல. வெளியிலிருந்த பல கிருமிகள் மாதிரியில் கலந்துவிட்டன, எது குற்றவாளி என்று சொல்ல முடியவில்லை என்று லேப் கைவிரித்திருக்கிறது. போதாக்குறைக்கு, கொடுப்பதற்கு முன் நீங்கள் போட்ட இரண்டு மாத்திரையும் உண்மையான கிருமியை அடக்கியிருக்கும். காசும் போய், பதிலும் இல்லாமல் போனது.

இந்த முறை இப்படிக் கொடுங்கள். மாத்திரை எதுவும் போட வேண்டாம். காலையில் எழுந்ததும் போகும் சிறுநீர் நல்லது. முடியாவிட்டால் கூடுமானவரை நேரம் கழித்துப் போவது. சோப்போ டெட்டாலோ வேண்டாம், வெறும் தண்ணீரில் முன்னிருந்து பின்னாகக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் இதழ்களை விலக்கிப் பிடித்துக்கொண்டு, முதலில் வருவதைக் கீழே விட்டுவிட்டு, நடுவில் வருவதை டப்பாவில் பிடியுங்கள். டப்பாவின் உள்பக்கம் விரலோ துணியோ படக் கூடாது. வீட்டுப் பாட்டிலில் பிடிக்காமல், லேபில் கொடுக்கும் மூடி போட்ட டப்பாவையே பயன்படுத்துங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் லேப் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெயிலில் கைப்பையில் கிடந்தால் கிருமி அதற்குள்ளேயே பெருகி ரிப்போர்ட் பொய் சொல்லும்.

சில கிளினிக்குகளில் ஒரு பட்டையை முக்கி இரண்டே நிமிடத்தில் நிறம் பார்ப்பார்கள். அதில் நைட்ரைட் என்ற, கிருமிகள் உண்டாக்கும் பொருளைக் காட்டும் கட்டம் இளஞ்சிவப்பாக மாறினால் தொற்று கிட்டத்தட்ட உறுதி. மாறாவிட்டால் தொற்று இல்லை என்று அர்த்தமில்லை. சிறுநீர் பைக்குள் நாலு மணி நேரமாவது தங்கியிருந்தால்தான் அந்த மாற்றம் தெரியும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் போய்க்கொண்டிருக்கும் உங்களிடம் அது ஏமாற்றக் கூடும். கர்ப்பப் பரிசோதனையையும் அதே சிறுநீரில் செய்யச் சொல்லுங்கள். ஒரு தடவை சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். கல்ச்சர் வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை வலியோடு காத்திருக்க வேண்டாம். டப்பாவைக் கொடுத்துவிட்டு அன்றே மருந்தைத் தொடங்கலாம். ரிப்போர்ட் வேறு சொன்னால் மாற்றிக்கொள்ளலாம். ஸ்கேன் உடனே தேவையில்லை. அதே கிருமி இரண்டு வாரத்துக்குள் திரும்பினால், ரத்தம் நிற்காவிட்டால், கல் இருக்கும் என்று சந்தேகம் வந்தால் எடுக்கலாம்.

மாத்திரைகளைப் பற்றி

மருந்துக்கடையில் முதலில் வாங்கியது நார்ஃப்ளாக்சசின் என்று அட்டையைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். சிப்ரோஃப்ளாக்சசினும் அதே குடும்பம். இருபது வருடத்துக்கு முன் நானும் இதைத்தான் எழுதுவேன். இன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) ஆண்டுதோறும் வெளியிடும் கண்காணிப்பு அறிக்கைகளைப் பார்த்தால், மருத்துவமனைகளில் எடுத்த ஈ.கோலை மாதிரிகளில் பாதிக்கு மேல் இந்தக் குடும்பத்துக்கு மசிவதில்லை. தசைநாண், நரம்பு பாதிப்புகள் வரக்கூடும் என்பதால், வேறு மருந்து இருக்கும்போது சாதாரண சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு இதைத் தொடாதீர்கள் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2016-இல் எச்சரித்தது. கர்ப்பத்திலும் இதைத் தவிர்ப்போம்.

அரைகுறையாகச் சாப்பிடும் ஒவ்வொரு மாத்திரையும் உங்கள் குடலில் உள்ள ஈ.கோலைக்குப் பயிற்சி கொடுப்பது மாதிரி. தாக்குப்பிடித்தவை அங்கேயே பெருகும். அடுத்த தொற்று அந்தக் குடலிலிருந்துதான் வரப்போகிறது.

இப்போது சிறுநீர்ப்பைக்கு முதலில் நினைப்பது இரண்டு மருந்துகளை. ஒன்று நைட்ரோஃபுரான்டாயின்: 100 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை, ஐந்து நாள். 1950-களிலிருந்து இருக்கிற பழைய மருந்துதான். இன்னமும் பெரும்பாலான ஈ.கோலை இதற்கு அடங்குகிறது. சாப்பாட்டோடு போட வேண்டும். வெறும் வயிற்றில் குமட்டும். சிறுநீர் அடர்மஞ்சளாக, பழுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஆனால் இது சிறுநீரில் மட்டும்தான் போதிய அளவு சேரும். சிறுநீரகத்தின் திசுவுக்குள் ஏறிய தொற்றுக்கு உதவாது. சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்கும், ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ளவர்களுக்கும், பிரசவத்தை நெருங்கியவர்களுக்கும் கொடுப்பதில்லை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்திலும் யோசித்துத்தான் எழுதுவோம். இன்னொன்று ஃபாஸ்ஃபோமைசின்: 3 கிராம் பொடி, தண்ணீரில் கலக்கி ஒரே வேளை, இரவு சிறுநீர் கழித்துவிட்டுப் படுக்கப் போகும்போது. இவற்றில் எது உங்களுக்கு என்பதை உங்கள் நேரில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் முடிவு செய்யட்டும்.

எரிச்சலுக்கு ஒரு சிவப்பு சிரப் எழுதுவார்கள். சிறுநீரின் புளிப்பைக் குறைக்கும் மருந்து அது. சிலருக்கு இதம் தரும்; கிருமியைக் கொல்லாது. நைட்ரோஃபுரான்டாயின் புளிப்புள்ள சிறுநீரில்தான் நன்றாக வேலை செய்யும் என்பதால், இரண்டையும் சேர்த்து எழுதினால் எதற்கு என்று கேளுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

ஆன்டிபயாடிக் இல்லாமலே சரியாகுமா என்றும் கேட்டிருந்தீர்கள். சிலருக்கு ஆகும். ஜெர்மனியில் 494 பெண்களிடம் நடத்திய ஆய்வில் வலி மாத்திரையை மட்டும் சாப்பிட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படவில்லை. ஆனால் சிறுநீரகத்துக்குத் தொற்று ஏறியவர்களும் அந்தப் பக்கத்தில்தான் அதிகம். கர்ப்பத்துக்கு வாய்ப்புள்ள, மூன்றாம் தடவை வந்திருக்கும் உங்களுக்கு அந்தப் பரீட்சை வேண்டாம்.

மருந்துச் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்பது சட்டப்படி தவறு. அட்டையின் ஓரத்தில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். டாக்டர் எழுதாமல் இதைச் சாப்பிடாதே என்பதற்கான அடையாளம் அது. மிச்சமிருக்கும் மாத்திரைகளைத் தூக்கிப் போடுங்கள். “உங்களுக்குக் கேட்டுச்சே” என்று பக்கத்து வீட்டுக்காரம்மாவுக்கும் கொடுக்க வேண்டாம்.

இவை வந்தால் டோக்கனுக்குக் காத்திருக்காதீர்கள்

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகில் ஒரு பக்கம் வலி, மருந்து தங்காத அளவுக்கு வாந்தி. இதில் எது வந்தாலும் தொற்று மேலே ஏறியிருக்கலாம். நடு இரவானாலும் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். கர்ப்பம் உறுதியான பிறகு எரிச்சல் வந்தால், லேசானதாக இருந்தாலும் அன்றே காட்டுங்கள். மருந்து தொடங்கி 48 மணி நேரத்தில் கொஞ்சமும் குறையாவிட்டால், கல்ச்சர் ரிப்போர்ட்டோடு அதே டாக்டரிடம் திரும்பப் போங்கள். புது டாக்டர் தேடினால் எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

கடையும் கழிப்பறையும்

கழிப்பறை இருக்கையிலிருந்து இது தொற்றுவதில்லை. கடைக் கழிப்பறை அசுத்தம் என்று நீங்கள் போகாமல் இருப்பதும், போகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருப்பதும்தான் எனக்குக் கவலை. காலையில் ஒரு டீ, மதியம் ஒரு டம்ளர், இரவு வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு என்று எழுதியிருக்கிறீர்கள். சிறுநீர் ஓடும்போதுதான் கிருமி அடித்துச் செல்லப்படும். தேங்கினால் பெருகும். அடிக்கடி தொற்று வரும், நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களை வைத்து ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. பாதிப் பேரை தினமும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை வந்தது, குடிக்காதவர்களுக்கு 3.2 முறை. ஒரு மாத்திரை இதைச் செய்திருந்தால் அதற்கு என்ன விலை வைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் தண்ணீர் குடி என்று நான் இங்கே உட்கார்ந்து எழுதுவது சுலபம்; தளப் பொறுப்பாளரிடம் மூன்று மணி நேரத்துக்கொருமுறை கேட்டு நிற்பது நீங்கள். 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை வசதி செய்ய வேண்டும் என்று ஆக்கினார்கள். உங்களைப் போன்றவர்களுக்காக வந்த சட்டம்தான். அது நாற்காலியைப் பற்றிப் பேசுகிறது. கழிப்பறை இடைவேளையைப் பற்றி அல்ல. அதனால் டாக்டரிடம் ஒரு கடிதம் கேளுங்கள். ‘மருத்துவக் காரணத்தால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை கழிப்பறை செல்ல அனுமதிக்கவும்’ என்ற ஒரு வரி போதும். நோயின் பெயர் வேண்டியதில்லை. அதை நீங்கள் மட்டும் கொண்டுபோய்க் கொடுக்காமல், உங்கள் பிரிவில் இருக்கும் நாலு பெண்களோடு சேர்ந்து பேச முடிந்தால் இன்னும் நல்லது. அவர்களில் பாதிப் பேருக்காவது இதே நீர்க்கடுப்பு இருக்கும் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

சம்பளச் சீட்டில் ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடை, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இருக்க வேண்டும். இருந்தால் ஈஎஸ்ஐ மருந்தகத்தில் டாக்டரும் பரிசோதனையும் மருந்தும் காசில்லாமல் கிடைக்கும். மாதாமாதம் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், நீங்களோ கைக்காசில் மாலைநேர கிளினிக்குக்குப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். ஈஎஸ்ஐ இல்லாவிட்டால், நகராட்சிப் பகுதிகளில் உள்ள நகர்ப்புற நலவாழ்வு மையங்களில் மாலை நாலு மணியிலிருந்து எட்டு மணி வரையும் டாக்டர் பார்ப்பார். வார விடுமுறைக்கு முந்தின நாள் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுப் போய்விட்டு வரலாம்.

இந்தச் சிகிச்சை முடிந்து எரிச்சல் முழுதாக நின்ற பிறகு, ‘எதற்கும் பார்த்துவிடுவோம்’ என்று மறுபடி கல்ச்சர் எடுக்க வேண்டாம். கர்ப்பமாக இல்லாத, தொந்தரவும் இல்லாத பெண்ணின் சிறுநீரில் சும்மா இருக்கும் கிருமிக்கு மருந்து கொடுக்கக் கூடாது. ரத்தம் நின்றுவிட்டதா என்று மட்டும் ஒரு சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கர்ப்பம் தரித்த பிறகு கதை மாறும். அப்போது தொந்தரவே இல்லாவிட்டாலும் சிறுநீரில் கிருமி இருந்தால் மருந்து கொடுத்தே ஆக வேண்டும். பதிவு செய்யப் போகும் முதல் நாளே, முன்பு மூன்று தடவை வந்திருக்கிறது என்று செவிலியரிடம் சொல்லி கர்ப்பிணி அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.